அறுபத்து நான்கு அலாரங்களும் ஆமாம் சொன்ன வருஷம்

தாம்பரத்தைத் தாண்டிப் படப்பைக்குப் போகிற வழியில், ஏரியை மூடிவிட்டு ஏரியின் பெயரையே வைத்துக் கட்டிய ஆம்பலேரி குடியிருப்பில், மாடிக்கு எட்டு வீடாக எட்டு மாடிக்கு அறுபத்து நான்கு வீடுகள் இருந்தன. அந்த அறுபத்து நான்கு வீடுகளின் கூடத்திலும் மேலே ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் புகை அலாரங்கள், தங்களுக்குப் பத்து வயது முடிந்த தை மாதத்தில், கீழே யாராவது உண்மை பேசினால் ஆமாம் சொல்ல ஆரம்பித்தன.

நான் அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன், அதற்குள் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர் மோட்டார் என் தலையில், லிஃப்ட் என் தலையில், ஆறாம் மாடி நாய் படிக்கட்டில் செய்வதும் என் தலையில். ஆகையால் இந்த அலாரங்கள் வாய் திறந்தபோது எனக்கு ஆச்சரியம் எதுவும் வரவில்லை. இன்னொரு புகார் வரப்போகிறது என்றுதான் தோன்றியது.

கட்டடத்தைக் கட்டியவர் துபாயில் இருந்துவிட்டு வந்தவர், அங்கே பார்த்ததை இங்கே வைத்தார். முதல் இரண்டு வருஷம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகுவதற்குள் அலாரம் அலறும், வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு அலறும், அப்பளம் சுட்டால் அலறும், போகிப் பண்டிகை விடியலில் தெருவில் டயர் எரிக்கிற புகை உள்ளே வந்ததும் அறுபத்து நான்கும் சேர்ந்து அலறி மொத்தக் கட்டடத்தையும் நைட்டியும் லுங்கியுமாக வராந்தாவில் நிறுத்தும். துண்டை வீசினோம், முறத்தால் விசிறினோம், ஓட்டலில் கொடுக்கிற குளியல் தொப்பியை எடுத்துவந்து மாட்டினோம், சமையலறைக்குக் கதவு போட்டோம், பிறகு மேலே அப்படி ஒன்று இருப்பதையே மறந்தோம். கடைசியாக அது எப்போது கத்தியது என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தத் தை மாதம் அது கத்தவில்லை. 'ட்ச்' என்றது, அவ்வளவுதான். டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி இருக்கும் என்று எல்லோரும் தேடினார்கள். பேட்டரி போயிருக்கும் என்று புதிது போட்டார்கள். புதிது போட்ட பிறகும் 'ட்ச்' என்றது, ஆனால் எல்லா நேரமும் இல்லை.

ஐந்தாம் மாடி சாரதாமணி டீச்சர்தான் கண்டுபிடித்தவர். பொள்ளாச்சியில் இருக்கிற தங்கையிடம் போனில், "நான் நல்லா இருக்கேன்டி, எனக்கென்ன" என்று சொன்னபோது கூடம் பேசாமல் இருந்தது. தங்கை விடாமல் கேட்க, "அலுப்பா இருக்குடி, எதைப் பாத்தாலும் அலுப்பா இருக்கு" என்று சொன்னதும் மேலேயிருந்து 'ட்ச்' என்று வந்தது. பேச்சுக்கு நடுவில் பல்லி கத்தினால் சொன்னது சத்தியம் என்று விரல் முட்டியால் தரையைத் தட்டுகிற பழக்கத்தில் வளர்ந்தவர் டீச்சர். கை தானாகப் போய்ச் சோபாவின் கட்டையைத் தட்டியது. பிறகு நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த பொறுமையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, மாலைக்குள் விதியைக் கண்டுபிடித்து எனக்கு எழுதி அனுப்பினார். உண்மையென்றால் சொல்லும். பொய்யென்றால் பேசாது. நடந்ததற்கும் சொல்லும், நடக்கப்போவதற்கும் சொல்லும். ஆனால் தன் கூரைக்குக் கீழே உள்ளதை மட்டும்தான் சொல்லும். தேர்தலில் யார் ஜெயிப்பார் என்பது அதற்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் அன்றிரவு சுகந்தி ரசம் ஊற்றினாள். "நல்லா இருக்கு" என்றேன். மேலே சத்தமில்லை. சுகந்தி என்னைப் பார்த்தாள். "உப்பு கம்மி" என்றேன். 'ட்ச்.' கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் அவள் முதல்முறையாக மறுபேச்சுப் பேசாமல் உப்பு ஜாடியை எடுத்து வைத்தாள்.

ஒரு மாதத்துக்குள் கட்டடம் அதற்குப் பழகிவிட்டது. பிள்ளைகள் 'படிச்சிட்டேன்' என்பதை மொட்டை மாடிக்குப் போய்ச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆபீஸுக்கு லீவு கேட்கிறவர்கள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார்கள், அதனால் படிக்கட்டில் எப்போதும் நான்கு பேருக்குக் காய்ச்சலாக இருந்தது. ஏழாம் மாடியில் பெண் பார்க்க வந்தார்கள். பையன், "எனக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு" என்றான், அலாரம் பேசவில்லை. பெண், "எனக்கும் பிடிக்கல" என்றாள், 'ட்ச்' என்றது. இரண்டு வீட்டாரும் பெருமூச்சு விட்டு, வந்ததற்குப் பஜ்ஜியைச் சாப்பிட்டு, நல்ல மனுஷர்களாகப் பிரிந்தார்கள். சண்டைகள் சீக்கிரம் முடிந்தன. சமாதானங்கள்தான் நாளாயின, ஏனென்றால் சமாதானத்துக்குக் கொஞ்சம் பொய் வேண்டியிருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு வராந்தாவில் நடந்தால், வேலை விட்டு வந்தவர்கள் பையைப் போட்டுவிட்டு "முடியல" என்று உட்காருவதும், கதவுக்குக் கதவு 'ட்ச்', 'ட்ச்' என்று கேட்பதும், கீழ் மாடியிலிருந்து மேல் மாடி வரை ஒரே மாதிரி இருக்கும். இத்தனை பேருக்கு முடியவில்லை என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது.

இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவருக்கு அது உயிர்நாடியாகிவிட்டது. அவர் முந்நூற்று நான்காம் வீட்டுத் தில்லைநாயகி அக்கா.

அக்காவின் கணவர் குஞ்சிதபாதம் சார் காப்பீட்டு முகவர், பேசியே பிழைத்தவர். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையெழுத்துப் போடத் தயங்கினால், "இந்தப் பாலிசி உங்க குடும்பத்தைக் காப்பாத்தும் சார்" என்று சொல்லிவிட்டு, உதடு அசையாமல் வாயின் இடது ஓரத்தில் 'ட்ச்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். அசல் பல்லி. எதிராளி சுவரைத் தேடுவார், சார் பயபக்தியோடு மேஜையைத் தட்டுவார், கையெழுத்து விழும். எனக்கே அப்படி ஒரு பாலிசி உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கூடத்தில் கட்டில், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, அதற்குக் காற்றடிக்கிற சின்ன மோட்டார் கட்டிலுக்கு அடியில் ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். காலை எட்டுக்குக் கிளம்பினால்தான் பஸ். பகல் பன்னிரண்டுக்கு ஓர் அம்மாள் வந்து சாருக்கு ஊட்டிவிடுவார். நடுவில் அந்த நான்கு மணி நேரம் சார் தனியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

அந்த நான்கு மணி நேரம் அக்காவை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்த நாட்கள் உண்டு. அலாரம் பேச ஆரம்பித்த பிறகு அவர் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, கட்டிலைப் பார்த்து, "நான் வர்ற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார். 'ட்ச்' என்று வரும். கதவைப் பூட்டிக்கொண்டு போவார். அக்கா பஸ்ஸில் உட்கார்ந்து தூங்குகிறார் என்று சுகந்தி ஒருநாள் வந்து சொன்னாள். நாங்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டோம்.

ஆனி மாதம் ஜெபமணி வந்தார். அலாரங்களைப் போட்ட நிறுவனம் மூடிப்போய், இப்போது தனியாக அந்த வேலையைச் செய்கிறவர்; ஏணி, ஸ்க்ரூடிரைவர், மூக்குக்கண்ணாடி. என் வீட்டு அலாரத்தைக் கழற்றி முதுகைத் திருப்பிக் காட்டினார். அதில் அச்சடித்த தேதி ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது.

"பத்து வருஷம் சார். அதுக்கு மேல வைக்கக்கூடாது. எல்லா வீட்லயும் மாத்தணும்."

சுகந்தி நம்பவில்லை. "பட்டன அமுக்குனா ஜோரா கத்துதேங்க, பாருங்க" என்று துடைப்பக் கட்டையால் பக்கத்து வீட்டு அலாரத்தை அழுத்தியே காட்டினாள்.

ஜெபமணி காதைத் தேய்த்துக்கொண்டார். "மேடம், பட்டன அமுக்குனா தொண்டை நல்லாருக்கான்னுதான் தெரியும். மூக்கு நல்லாருக்கான்னு தெரியாது. பத்து வருஷம் தூசி, ஒட்டடை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாத்தையும் மோந்து மோந்து உள்ள இருக்கிறது ஓஞ்சு போயிருக்கும்."

நான் இதைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. இரண்டு நாளில் முந்நூறு செய்திகள். மாற்றியே ஆகவேண்டும் என்று ஒரு கட்சி. அவர்கள் எல்லோரும் உண்மையால் நொந்துபோனவர்கள், புது அலாரம் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள். மாற்றவே கூடாது என்று இன்னொரு கட்சி. அவர்கள் உண்மை பேசுகிற ஒன்றை எப்படித் தூக்கிப் போடுவது என்று கேட்டவர்கள். முந்நூறு செய்தியில் புகை என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. அங்கே அலாரம் கிடையாது, அதனால் எல்லோரும் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில், எந்தக் கூட்டத்துக்கும் வராத தில்லைநாயகி அக்கா எழுந்து நின்றார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், தோளில் பை.

"எனக்கு நெறைய பேசத் தெரியாது. காலையில அது ஒரு தடவை சொன்னாத்தான் நான் கதவச் சாத்தறேன். அத எடுத்துட்டீங்கன்னா நான் வேலைய விடணும். வேலைய விட்டா அவருக்கு மருந்து இல்ல. அவ்ளோதான். மாத்தாதீங்க."

ஒத்திவைப்பதாகத் தீர்மானம் எழுதினேன். எங்கள் சங்கத்துக்கு மிகவும் பிடித்த சொல் அது.

ஆடி போய் ஐப்பசி வந்து, மழையில் ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு வந்து, நான் மோட்டார் வைத்து இறைத்து, கார்த்திகை போய் மார்கழி முடிகிற போகிக் காலையும் வந்தது. தெருவில் விடியலுக்கு முன்பே பாயையும் டயரையும் கொளுத்திவிட்டார்கள். கண்ணெரிச்சலில்தான் எழுந்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் இல்லை. உள்ளேயும் புகை பனி மாதிரி நின்றது. குழுவில் சாரதாமணி டீச்சர் எழுதியிருந்தார்: "இந்தப் போகிக்கும் ஒரு அலாரமும் கத்தவில்லை, நிம்மதியாகத் தூங்கினேன்." முப்பது பேர் அதற்குக் கும்பிட்டிருந்தார்கள். நானும் கும்பிட்டேன்.

எட்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "தம்பி, கொஞ்சம் மேல வரீங்களா?"

போனேன். அக்கா செருப்புக் காலோடு கூடத்து நடுவில் நின்றிருந்தார். சார் கட்டிலில், கண் மட்டும் அக்காவையே தொடர்ந்துகொண்டிருந்தது.

"சொல்ல மாட்டேங்குது தம்பி. நாலு தடவை சொல்லிட்டேன்." மறுபடியும் சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

சத்தமில்லை. மோட்டார் மட்டும் உறுமியது.

"கெட்டுப் போயிருக்குமா?" என்றேன்.

"என் பேரு தில்லைநாயகி" என்றார் அக்கா. 'ட்ச்.' கெட்டுப்போகவில்லை.

அக்கா கேள்வியைத் திருப்பிப் போட்டார். "இன்னிக்கு அவருக்கு நெஞ்சு வலி வரும்." சத்தமில்லை. "கட்டில்லேருந்து விழுவார்." சத்தமில்லை. "புரையேறும்." இல்லை. "மறுபடியும் வாதம் வரும்." அதற்கும் இல்லை. கட்டின மனுஷனுக்கு என்னென்ன கேடு வரலாம் என்று அவர் கண்ணெதிரேயே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை. இருமல் வேறு வந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "அக்கா, முதல்ல ஜன்னலைச் சாத்துங்க, வீடெல்லாம் ஒரே புகையா இருக்கு" என்றேன்.

'ட்ச்.'

இரண்டு பேரும் மேலே பார்த்தோம்.

அது புகைக்காகச் சொல்லவில்லை. புகை விடியலிலிருந்து அங்கே இருக்கிறது. நான் சொன்னதற்காகச் சொன்னது.

அக்காதான் முதலில் புரிந்துகொண்டார். பையைக் கீழே வைத்தார். கூரையைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கேட்பதைப் போல மெதுவாகக் கேட்டார். "இவ்ளோ புகை இருக்கு, நீ கத்தல."

'ட்ச்.'

"இனிமே புகை வந்தாலும் நீ கத்த மாட்ட."

'ட்ச்.'

"இத்தனை மாசமா நீ இருக்கேன்னு நம்பி இவர விட்டுட்டுப் போனேன். தீப்பிடிச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது."

'ட்ச்.' தயங்காமல் சொன்னது. ஒரு வருஷமாக நாங்கள் அதனிடம் எல்லாவற்றையும் கேட்டோம், ரசத்தைப் பற்றிக்கூடக் கேட்டோம். இதை ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த வாடை தனியாகத் தெரிந்தது. டயர் வாடை இல்லை, இன்னும் கிட்டத்தில், இன்னும் கசப்பாக. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். காற்று மெத்தையின் மோட்டாரிலிருந்து வருகிற ஒயர், அது செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பழுப்பாகி, உருகி, மெல்லிய நூல் மாதிரிப் புகை விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே மெத்தை விரிப்பின் ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தேன். மோட்டார் நின்றது. இரண்டு வருஷத்தில் அந்த வீடு முதல்முறையாக அமைதியானது, மெத்தையிலிருந்து காற்று மெல்ல இறங்க, சார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தார்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். சார் இடது கையால் அவர் முதுகைத் தேடித் தேடித் தொட்டார். கத்துவதற்கு அவருக்கும் குரல் இல்லை, மேலே இருப்பதற்கும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மாள் வந்து கதவைத் திறந்திருந்தால் என்ன பார்த்திருப்பார் என்பதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்த மறுநாள் ஜெபமணி மூன்று அட்டைப் பெட்டி நிறையப் புது அலாரங்களோடு வந்தார். அப்போதும் சாரதாமணி டீச்சர் விடவில்லை.

"சொல்லாம இருந்ததாலதானே காப்பாத்துச்சு? அப்ப அது வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

ஜெபமணி ஏணியில் பாதி ஏறியவர் அங்கேயே நின்றார். "அந்தம்மா வாசல்ல நின்னு கேட்டாங்க, அதால தப்பிச்சாங்க. நீங்க தினமும் கேக்குறீங்களா டீச்சர்? சரி, கேக்குறீங்கன்னே வச்சுக்குவோம். ராத்திரி தூங்கும்போது யாரு உண்மை பேசுறாங்க? ஒருத்தரும் இல்ல."

டீச்சர் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். அது 'ட்ச்' என்றது. அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

முந்நூற்று நான்கில் கழற்றியதை அக்கா கையில் வாங்கினார். பத்து வருஷ எண்ணெய்ப் பிசுக்கில் வெள்ளை பழுப்பாகியிருந்தது, ஓட்டைகளில் ஒட்டடை. முந்தானையால் ஒரு தடவை துடைத்தார். "உனக்கும் முடியல, இல்ல?" என்றார். அது அவருடைய உள்ளங்கையில் 'ட்ச்' என்று சொன்னது. சாயங்காலம் அறுபத்து நான்கையும் ஒரு சாக்கில் கட்டிக் கீழே வைத்தேன். சாக்கில் அவை பேசவில்லை. அவற்றின் மேல் இனிக் கூரை இல்லை.

புது அலாரங்கள் புதுசுக்குரிய திமிரோடு வந்தன. முதல் நாளே சுகந்தி தாளித்ததற்கு அலறின. பிள்ளைகள் கூடத்திலேயே 'படிச்சிட்டேன்' என்றார்கள். படிக்கட்டில் காய்ச்சல் குறைந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு இப்போதும் எல்லோரும் பையைப் போட்டுவிட்டு "முடியல" என்று உட்காருகிறார்கள், ஆமாம் என்று சொல்லத்தான் எதுவுமில்லை. நான் ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

நான் வாங்கிக் கொடுத்த புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகிறதா என்று பார்க்க, அலாரம் மாற்றிய மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கிளம்பி வாசலில் நின்றிருந்தார், செருப்பு மாட்டியாயிற்று, பையும் தோளில், ஆனால் கால் நகரவில்லை. பஸ்ஸுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. மேலே புது வெள்ளைத் தட்டு பச்சைப் புள்ளி ஒன்றைச் சிமிட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாக இருந்தது.

அக்கா பழக்கத்தில் சொன்னார். "நான் வர்ற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அமைதி. அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கப் போனார்.

'ட்ச்.'

நான் கூரையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், டியூப்லைட்டின் பின்னால் பார்த்தேன். அக்கா எங்கேயும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலைப் பார்த்தார். சாரின் முகம் அசையவில்லை, உதடும் அசையவில்லை, வாயின் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. இடது கை மெல்ல நகர்ந்து, பயபக்தியோடு, கட்டில் கம்பியை மூன்று முறை தட்டியது.

ஊரையெல்லாம் கையெழுத்துப் போட வைத்த அந்தப் பல்லியை அக்காவுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அது சொன்னது எதுவும் உண்மையாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்பதும் தெரியும். "சரி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைச் சரிசெய்து, கதவைச் சாத்திவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.